கண்டும் உணராமை: நினைவை ஆராயும் துப்பறி படங்கள்

முன்னுரை

துப்பறியும் கதை என்ற அளவிலே கற்றோர் சிலர் அதனைத் தள்ளிவைப்பர். பொழுதுபோக்கிற்கென எழுந்த எளிய இலக்கியம் என்பது அவர்தம் துணிபு. தமிழில் இவ்வகை பண்டித நடேச சாஸ்திரியாரின் ‘தானவன்’ (1894) தொடங்கி, ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் முதலியோரின் நாவல்கள் வாயிலாக மக்களிடையே பரவியது. படித்தோர் பலர், ஆராய்ந்தோர் சிலரே. இக்கதைகள் திரைக்கு ஏறிய பின்னும் நிலைமை பெரிதும் மாறவில்லை.

இவ்வகையுள் தனித்து நோக்கத்தக்க ஒரு கிளை உண்டு. அதில் கொலை உண்டு, துரத்தல் அரிது. ஐயம் உண்டு; திடுக்கிடச் செய்யும் நிகழ்ச்சிகள் குறைவு. கதை மெல்ல நகரும். துப்பறிவோன் குற்றவாளியை மட்டும் தேடுவதில்லை. குற்றத்தைக் கண்டோரின் நினைவையும், இறுதியில் தன் நினைவையும் ஆராய வேண்டியவனாகிறான். இத்தகைய படங்களை மக்கள் நாடிக் காண்கின்றனர். முடிவு தெரிந்த பின்னும் மீண்டும் காண்கின்றனர். இதற்குக் காரணம் யாது என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயும் பொருள். தமிழ்ப் படம் ஒன்று, கொரியப் படம் ஒன்று, அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்று ஆகிய மூன்றினை ஈண்டு எடுத்துக்கொள்கிறோம். ஆய்வின் தேவை நோக்கி அவற்றின் முடிவுகளையும் மறையாது கூறுவோம்.

‘கொன்றவன் யார்’ என அறியும் வேட்கையே இப்படங்களின் கவர்ச்சி என்று பலர் கூறுவர். அக்கூற்று முழுதும் பொருந்துவதன்று. வேட்கை அவ்வளவே ஆயின், விடை தெரிந்தவுடன் படம் பயனற்றதாகிவிடும். விடை கூறாத படம் ஏமாற்றமாக முடியும். நிகழ்வதோ வேறு. விடை கூறாத படமே இவ்வகையுள் தலைசிறந்ததெனப் போற்றப்படுகிறது. ஆகவே கவர்ச்சியின் ஊற்று வேறிடத்தில் உள்ளது என்க.

அளவுகோல்

மணிமேகலையின் இருபத்தேழாம் காதையில், வஞ்சி மாநகரில் சமயக்கணக்கரை அணுகும் மணிமேகலைக்கு அளவைவாதி தன் கொள்கையை உரைக்கின்றான். மெய்யறிவு தரும் அளவைகளைக் கூறியபின், அளவை போலத் தோன்றி அளவையாகாதன எட்டினையும் அவன் எண்ணுகின்றான்: சுட்டுணர்வு, திரியக்கோடல், ஐயம், தேராது தெளிதல், கண்டுணராமை, எய்தும் இல்வழக்கு, உணர்ந்ததை உணர்தல், நினைப்பு என்பன அவை. இவற்றுள் நான்கு நம் ஆய்வுக்குப் பெரிதும் உதவுவன. ஒன்றைப் பிறிதொன்றாகக் கொள்வது திரியக்கோடல். ஆராயாமலே கட்டையை ஆள் என முடிவு செய்வது தேராது தெளிதல். கண்முன் நிற்பதைக் கண்டும் இன்னதென அறியாதது கண்டுணராமை. நினைப்பு என்பது இக்காலத்தில் நாம் நினைவு எனக் குறிக்கும் ஆற்றல் அன்று; தனக்கெனக் காரணம் ஒன்றும் இன்றிப் பிறர் சொல்லக் கேட்டு உண்மையெனக் கருதுதலையே சாத்தனார் அச்சொல்லால் குறிக்கின்றார். இவ்வேறுபாடு மறக்கற்பாலதன்று.

இப்படங்களை எடுத்தோர் மணிமேகலையைக் கற்றனர் என்பது நம் கருத்தன்று. அறிவு தவறும் வழிகளை நம் முன்னோர் வகுத்துப் பெயரிட்டுள்ளனர். அப்பெயர்கள் இப்படங்களை விளக்கத் துணைசெய்கின்றன என்பதே நாம் கொள்வது.

இக்கால உளவியலும் இதனோடு ஒத்துச் செல்கிறது. கேம்பிரிட்சைச் சார்ந்த பார்ட்லெட் 1932-இல் வெளியிட்ட நூலில், நினைவு என்பது பேழையுள் வைத்த பொருளை எடுப்பது போன்றதன்று, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுவது என்று நிறுவினார். தமக்குப் பழக்கமில்லாத வடஅமெரிக்கப் பழங்குடிக் கதையொன்றைப் படித்தவர்கள், அதனைத் திரும்பக் கூறும்போது அயலானவற்றை விட்டும் பழகியவற்றால் நிரப்பியும் கூறினர். எலிசபெத் லாஃப்டஸ், பால்மர் ஆகிய இருவர் 1974-இல் வெளியிட்ட சோதனையும் கருதத்தக்கது. ஊர்தி விபத்தின் படத்தைக் கண்டவர்களிடம் ‘மோதியபோது’ என்று வினவியதற்கும், ‘நொறுங்க மோதியபோது’ என்று வினவியதற்கும் விடை வேறுபட்டது. பின்னைய சொல்லைக் கேட்டவர் வேகத்தை மிகுத்துக் கூறினர். ஒரு வாரம் சென்றபின், படத்தில் இல்லாத உடைந்த கண்ணாடியைக் கண்டதாகவும் முன்னைய சொல்லைக் கேட்டவரினும் அவருள் மிகுதியானோர் கூறினர். வினவுவோன் சொல்லே கண்டோன் நினைவினுள் புகுந்து உறைகின்றது. துப்பறிவோன் தொழிலில் இதனினும் பெரிய இடர் வேறில்லை.

பலர் நினைவு: அந்த நாள்

1954-இல் ஏ.வி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட ‘அந்த நாள்’, வீணைக் கலைஞராகவும் விளங்கிய எஸ். பாலசந்தரால் இயக்கப்பெற்றது. பாடல்கள் நிறைந்த படங்களே வெளிவந்த காலத்தில் பாடல் ஒன்றேனும் இன்றி வந்தது என்பதே இதனைப் பற்றிப் பெரிதும் பேசப்படும் செய்தி. அச்செய்தியின் பயன் போதிய அளவு ஆராயப்படவில்லை. பாடல் என்பது காண்போன் கவனத்திற்கு ஓய்வு தருவது. சான்று கூறுவோரின் சொற்களைத் தொடர்ந்து எண்ணிப்பார்க்க வேண்டிய படத்தில் அவ்வோய்வு இடையூறே ஆகும். ஆகவே பாடலின்மை புதுமை வேட்கையால் மட்டும் எழுந்ததன்று; கதையின் இயல்பு வேண்டியது எனலாம்.

வானொலிப் பொறியாளன் இராசன் சுடப்பட்டு இறப்பதோடு கதை தொடங்குகிறது. சிவாஜி கணேசன் அப்பாத்திரத்தை ஏற்றார். மனைவி உஷாவாகப் பண்டரிபாய் நடித்தார். படத்தின் திரைக்கதையை எழுதிய ஜாவர் சீதாராமனே துப்பறியும் அதிகாரியாகவும் தோன்றினார். அயல்வீட்டார், தம்பி, தம்பியின் மனைவி, இறந்தவனோடு உறவு கொண்டிருந்த பெண், மனைவி என ஐவரும் தத்தம் நினைவிலிருந்து இராசனைப் பற்றிக் கூறுகின்றனர். ஒவ்வொருவர் கூற்றிலும் அவன் வேறொருவனாகத் தோன்றுகின்றான். ஒவ்வொருவர் கூற்றும் ஐயத்தைப் பிறர்மேல் திருப்புகின்றது. இவர்கள் யாவரும் பொய்யரல்லர். தம் நலனும் அச்சமும் காட்டிய வழியே கண்டதைக் கொண்டவர்கள். இதுவே திரியக்கோடல்.

அகுதாகவாவின் 1922-ஆம் ஆண்டுச் சிறுகதையைத் தழுவி அகிரா குரோசாவா 1950-இல் எடுத்த ‘ராஷோமான்’, 1951-இல் வெனிசு விழாவில் தலைப்பரிசு பெற்றது. அதன் தாக்கம் ‘அந்த நாள்’ படத்தில் உண்டு என்பது பொதுவான கருத்து. ஆந்தனி ஆஸ்கித் 1950-இல் எடுத்த ‘தி உமன் இன் குவெஸ்டியன்’ என்னும் ஆங்கிலப் படத்தோடே ஒப்புமை மிகுதி என்பாரும் உளர். எவ்வாறாயினும் ஒரு வேறுபாடு தெளிவு. ‘ராஷோமான்’ உண்மை இன்னதென முடிவுகட்டாது நிற்கிறது. ‘அந்த நாள்’ முடிவுகட்டுகிறது: இராசன் பகைநாட்டுக்கு மறைபொருள் விற்றவன், அவன் உயிர் மனைவி கையாலேயே போயிற்று.

இம்முடிவு படத்தின் வலிமையோ குறையோ என்னும் வினா எழும். 1943 அக்டோபர் 11-ஆம் நாள் சென்னைமீது சப்பானிய வானூர்தி குண்டு வீசிய நிகழ்ச்சியைப் படம் பின்னணியாகக் கொண்டுள்ளது. அதற்கு முந்தைய ஆண்டே அச்சத்தால் நகரைவிட்டு மக்கள் திரளாக வெளியேறினர். 1954-இல் அரங்கில் அமர்ந்தோர் பலர்க்கு அந்நாட்கள் தாமே வாழ்ந்த நாட்கள். ‘அந்த நாள்’ என்னும் தலைப்பே நினைவுகூர்வோர் வாய்ச்சொல். பாத்திரங்களின் நினைவை ஆராயும் படம் காண்போரின் நினைவையும் தட்டி எழுப்பிற்று. இது வலிமை. ஆயின் இறுதியில் நாட்டுப்பற்று என்னும் அறத்தின்கீழ் எல்லா ஐயமும் ஒடுங்கிவிடுகிறது. ஐவர் நினைவும் ஏன் திரிந்தன என்னும் வினா விடையோடு சேர்ந்து மறக்கப்படுகிறது. இது குறை.

துணிந்தோன் நினைவு: கொலையின் நினைவுகள்

தென்கொரிய இயக்குநர் பாங் ஜூன்-ஹோவின் ‘கொலையின் நினைவுகள்’ 2003-இல் வெளிவந்தது. நினைவைக் குறிக்க அதன் கொரியத் தலைப்பில் அமைந்த சொல், இனிய பழநினைவுகளுக்கு வழங்குவது. அதனைக் கொலையோடு சேர்த்தமையிலேயே கசப்பு தோன்றுகிறது. கியாங்கி மாநிலத்து ஹ்வாசாங் பகுதியில் 1986 முதல் 1991 வரை பெண்கள் பதின்மர் கொல்லப்பட்ட உண்மை வழக்கே கதையின் வேர்.

நெல்வயல் அருகே மூடிய வாய்க்காலுள் ஒரு பெண்ணின் உடல் கிடக்கிறது. ஊர்த் துப்பறிவாளர் பார்க், எவன் கண்ணையும் நோக்கினால் அவன் குற்றவாளியா அல்லனா எனத் தமக்குத் தெரிந்துவிடும் என்று நம்புகிறவர். தொடக்கத்தில் மேலதிகாரி அவரைச் சோதிக்கின்றார். காவல் நிலையத்தில் இரண்டு இளைஞர்கள் அமர்ந்திருக்கின்றனர். ஒருவன் பெண்ணொருத்திக்குத் தீங்கிழைத்தவன். மற்றவன் அவனைப் பிடித்துக் கொணர்ந்த அப்பெண்ணின் உடன்பிறந்தான். எவன் எவன் எனக் கேட்கின்றார். விடை நமக்குக் கூறப்படுவதில்லை. கதை வேகத்தில் காண்போர் அவ்வினாவையே மறந்துவிடுவர். ஆயின் படம் முழுமையும் அவ்வினாவிலேயே அடங்கியுள்ளது.

பார்க்கின் முறை தேராது தெளிதல். அறிவு வளர்ச்சி குன்றிய இளைஞன் ஒருவனைப் பிடித்து அடித்து, சொற்களை வாயில் ஊட்டி, ஒப்புதல் வாங்குகின்றனர். தடயம் இல்லாத இடத்தில் அவன் காலணியைக் கொண்டு தடயமும் செய்துகொள்கின்றனர். உண்மைத் தடயமாகிய காலடிச் சுவடோ உழுபொறி ஒன்றின் சக்கரத்தில் அழிந்துபோகிறது. நெடுநாள் கழித்து ஒலிநாடாவை மீண்டும் கேட்கும்போதே அவ்விளைஞன் கூறியது செய்தவன் கூற்றன்று, கண்டவன் கூற்று என்பது புலனாகிறது. அவர்கள் கையில் இருந்தவன் குற்றவாளி அல்லன், சான்று. அவனை மீண்டும் வினவச் செல்லும்போது, அடிபட்ட அச்சத்தால் ஓடி இருப்புப்பாதையில் மடிகின்றான். நினைவை வற்புறுத்திப் பெற முயன்றவர் அந்நினைவையே இழந்தனர்.

தலைநகரிலிருந்து வந்த சியோ என்பவரோ ஆவணங்களை மட்டும் நம்புகிறவர். காலம் செல்லச் செல்ல இருவரும் இடம் மாறுகின்றனர். மழைநாளில் வானொலியில் கேட்கப்படும் பாடல், மென்மையான கைகள் எனக் குறிப்புக்கள் ஒருவனைச் சுட்டுகின்றன. அமெரிக்காவிற்கு அனுப்பிய மரபணுச் சோதனையின் முடிவு அவனோடு பொருந்தவில்லை. ஆவணத்தையே நம்பிய சியோ துப்பாக்கியை எடுக்கின்றார். கண்ணை நம்பிய பார்க் அவன் கண்ணை நெடிது நோக்கித் தமக்குத் தெரியவில்லை என்கின்றார். தெளிவிலிருந்து ஐயத்திற்கு வந்த இம்மாற்றமே படத்தின் உண்மையான கண்டுபிடிப்பு.

2003-இல், தொழிலை விட்டு விற்பனையாளராகிவிட்ட பார்க் அவ்வாய்க்காலைக் குனிந்து பார்க்கின்றார். சில நாள் முன்னும் ஒருவர் இவ்வாறே பார்த்தார், முன்பு இங்குத் தாம் செய்த ஒன்று நினைவுக்கு வந்ததாகக் கூறினார் என்கிறாள் ஒரு சிறுமி. முகம் எத்தகையது என்ற வினாவிற்கு, எல்லார் முகமும் போன்றது என்பது அவள் விடை. பார்க் திரும்பிக் காண்போரை நேராக நோக்குகின்றார். கொலைஞன் அரங்கில் அமர்ந்து காணக்கூடும் என்று எண்ணியே அப்பார்வையை அமைத்ததாக இயக்குநர் கூறியுள்ளார்.

பின்னர் நிகழ்ந்தவை படத்தை வேறொளியில் காட்டுகின்றன. காத்துவைத்த தடயங்களை மரபணு வழியே ஆராய்ந்து, 2019-இல் உண்மைக் கொலைஞனைக் கண்டறிந்தனர். 1994-இல் செய்த வேறொரு கொலைக்காக அவன் முன்னரே சிறையில் இருந்தவன். வழக்குத் தொடுக்கும் காலவரையறை 2006-இலேயே முடிந்துவிட்டமையால் ஹ்வாசாங் கொலைகளுக்கு அவனைத் தண்டிக்க இயலவில்லை. இதனினும் கொடியது ஒன்று உண்டு. 1988-இல் நிகழ்ந்த எட்டாம் கொலைக்காக, வற்புறுத்திப் பெற்ற ஒப்புதலைக் கொண்டு வேறொருவர் தண்டிக்கப்பட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையில் இருந்தார். அவர் குற்றமற்றவர் என்று 2020 திசம்பரில் நீதிமன்றம் அறிவித்தது. அம்மறுவிசாரணையில் சான்று கூறிய கொலைஞன், தான் சிறையில் அப்படத்தைக் கண்டதாகவும், அது தன்னிடம் எவ்வுணர்ச்சியையும் எழுப்பவில்லை என்றும் கூறினான்.

பார்க்கின் பார்வை உரியவனைச் சென்றடைந்தது. அவனிடம் ஒன்றையும் எழுப்பவில்லை. முகத்தை நோக்கி அகத்தை அறியலாம் என்னும் நம்பிக்கை எத்துணை வெறுமையானது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? விடை வெளிப்பட்டதால் படம் பழையதாகிவிடவில்லை. வற்புறுத்திய ஒப்புதலின் கேட்டினை அப்படம் காட்டிப் பதினேழு ஆண்டுகள் கழிந்தபின்னரே, உண்மை வழக்கிலும் அக்கேட்டினை நீதிமன்றம் ஏற்றது.

தேய்வோன் நினைவு: ட்ரூ டிடெக்டிவ்

நிக் பிசோலாட்டோ படைத்த ‘ட்ரூ டிடெக்டிவ்’ தொடரின் மூன்றாம் பருவம் 2019-இல் எட்டுப் பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. 1980-இல் அமெரிக்க நாட்டு ஆர்கன்சா மாநிலச் சிற்றூரில் சிறுவனும் அவன் தங்கையும் காணாமற் போகின்றனர். சிறுவன் குகையில் பிணமாகக் கிடக்கின்றான், சிறுமி கிடைக்கவில்லை. 1980, 1990, 2015 என்னும் மூன்று காலங்கள் ஒன்றனுள் ஒன்று பின்னிச் செல்கின்றன. மகேர்சலா அலி நடித்த வேய்ன் ஹேய்சு என்னும் துப்பறிவாளர் மூன்று காலத்தும் இருக்கின்றார். மூன்றாம் காலத்தில் முதுமையால் நினைவு தேயும் நோயாளர். வியட்நாம் போரில் காட்டில் தடம் காண்பதில் வல்லவராக இருந்தவர், இப்போது தம் நினைவினுள்ளேயே தடம் தேடுகின்றார்.

இறுதியில், சிறுமி இறந்ததாகக் கூறப்பட்டது பொய், அவள் வேறு பெயரோடு வாழ்கிறாள் என உணர்ந்து அவள் இல்லத்திற்குச் செல்கின்றார். முப்பத்தைந்து ஆண்டுத் தேடல் வாயிற்படியில் நிற்கிறது. அவள் எதிரே நிற்கின்றாள். அந்நொடியில், தாம் ஏன் வந்தோம் என்பதை அவர் மறந்துவிடுகின்றார். நீர் வாங்கிக் குடித்துத் திரும்புகின்றார். சாத்தனார் சொல்லில் இதுவே கண்டுணராமை.

எனினும் தேடல் வீணாயிற்றா? இல்லை, அவர் மறந்ததை நாம் மறக்கவில்லை. வைக்கோற் பாவைகள், சிறுவர் கைக்கு வந்த சீட்டுக்கள், பழிசுமத்தப்பட்டு இறந்த ஒருவர் பெயர் ஆகியவற்றை எட்டுப் பகுதிகளாக மெல்லமெல்ல நம் நினைவில் இத்தொடர் வைத்துவந்தது. வாயிற்படியில் அவ்வழக்கை முழுதும் அறிந்தவர் காண்போராகிய நாமே. துப்பறிவோன் பொறுப்பு நம் கைக்கு மாறுகிறது.

மெல்ல நகர்தலின் பயன்

மூன்றனையும் ஒருங்கு நோக்கின் இவ்வகையின் கவர்ச்சிக்குக் காரணம் புலனாகும். விரைந்து செல்லும் கதை காண்போனுக்கு நிகழ்ச்சியைத் தருகிறது; மெல்லச் செல்லும் கதை நினைவைத் தருகிறது. முதலில் கண்டதை மறக்கத்தக்க அளவு காலம் சென்றாலன்றி, அதனை நினைவுகூர்தல் என்பது நிகழாது. காவல் நிலையத்து இரண்டு இளைஞரை நாம் மறந்தபின்னரே, பார்க்கின் இறுதிப் பார்வை நம்மைச் சுடுகின்றது. பாத்திரங்கள் நினைவில் தவறும்போது நாமும் தவறியிருப்பதை உணர்கிறோம். பிறர் அறியாமையைக் கண்டு நகைக்கும் இன்பம் அன்று இது. நம் அறிவு எத்தகையது என்று நாமே அறியும் இன்பம்.

இதற்குத் தடை கூறுவார் இருவகையினர். மெல்ல நகர்தல் திறமின்மையை மறைக்கும் திரை என்பார் ஒருசாரார். சில படங்களைப் பொறுத்தவரை அஃது உண்மையே. அதனைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு: முன்னர்க் காட்டியது பின்னர் வேறு பொருள் தருகின்றதா என்று பார்க்க வேண்டும். தருமாயின் அது நிதானம். தாராதாயின் வெறுங் காலத்தாழ்வு. ட்ரூ டிடெக்டிவ் தொடரும் இச்சோதனையில் முழுதும் தேறவில்லை. மறைபொருளின் பெரும்பகுதியை இறுதியில் ஒரு பாத்திரமே நெடிய உரையாக அவிழ்த்துக் கூறுகிறது. அவ்விடத்தில் நம் நினைவுக்கு வேலை இல்லாமற் போகிறது.

பிறர் துயரை இன்பமாக்கலாகுமா என்பார் மற்றொரு சாரார். இது எளிதில் தள்ளத்தக்கதன்று. ஹ்வாசாங் நிகழ்ச்சியில் இறந்தோரின் உற்றார் இன்றும் வாழ்கின்றனர். இதற்கு விடை படத்தின் போக்கினால் அமையும். கொலையைக் காட்டி மகிழ்விக்கும் படம் அத்தடைக்கு உரியது. தவறான தெளிவினால் விளையும் கொலையைக் காட்டி நம்மை எச்சரிக்கும் படம், இறந்தோர்க்கும் சிறையில் வாடியோர்க்கும் ஒருவகையில் கடனாற்றுகிறது.

முடிவுரை

கண்டோர் சொல் திரியலாம் என்று ‘அந்த நாள்’ காட்டிற்று. ஆராய்வோன் தெளிவே தவறலாம் என்று ‘கொலையின் நினைவுகள்’ காட்டிற்று. உண்மையை அடைந்தவனும் அதனை வைத்திருக்க இயலாமற் போகலாம் என்று ட்ரூ டிடெக்டிவ் காட்டிற்று. தன் நினைவை ஐயுறக் கற்பிப்பதே இவ்வகைப் படத்தின் பயன். அவ்வையம் நம்மைச் செயலற்றவராக்குவதன்று. ஹ்வாசாங் வழக்கில் மனிதர் நினைவு தவறிய இடத்தில் காத்துவைத்த தடயம் உண்மையை நிலைநாட்டிற்று என்பதை நோக்குக. தன் நினைவை நம்பாதவனே சான்றுகளைப் பேணிவைப்பான்.

ஏடு பார்த்துப் பாடம் துணியும் நமக்கும் இதில் படிப்பினை உண்டு. பழகிய பாடமே மூலபாடம் என எண்ணுவது நினைப்பு. பிற படிகளை நோக்காது முடிவுகட்டுவது தேராது தெளிதல். வேறுபட்ட பாடங்களையும் அடிக்குறிப்பில் பேணிவைத்த பதிப்பாசிரியர்கள், தமக்குப் பின்வரும் ஆராய்ச்சியாளன் தம்மினும் தெளிவாகக் காணக்கூடும் என்று இடம் விட்டுச் சென்றனர். அப்பணிவே துப்பறிவோனுக்கும் முதற்கருவி.